கதவைச் சாத்திக்கொண்டு சொன்ன கதை

வீட்டுக்குள்ளேயே வாயைத் திறக்கப் பயந்து நடமாடியிருக்கிறீர்களா? நான் ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படித்தான் நடமாடினேன்.

வீடு என்றால் என் வீடு இல்லை, அக்கா வீடு. அக்கா, அத்தான், அவர்களுடைய ஒரே மகள், ஒட்டிக்கொண்டு தம்பி நான். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், சமையல்கட்டு, குளியலறை. கூடத்து சோபாதான் என் படுக்கை. காலை நீட்டினால் டிவி மேசையில் இடிக்கும். அதனால் குறுக்கிப் படுக்கப் பழகிவிட்டேன்.

மகளுக்கு நான்கு வயது முடியப் போகிறது. நாங்கள் கூப்பிடுவது பட்டாணி என்று. பிறந்த அன்று அத்தான் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "என்ன இது, பட்டாணி மாதிரி இருக்கு" என்றாராம். அக்கா அதற்காக இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே பிள்ளையை அப்படித்தான் கூப்பிட்டாள்.

மூன்று வயது வரைக்கும் பட்டாணி வாய் ஓயாதவள். குழாயில் தண்ணீர் வந்தால் அதோடு பேசுவாள், சட்டைப் பொத்தானோடு பேசுவாள். பிழைக்க வந்த இந்த நாட்டு மழலையர் பள்ளியில் அவளைச் சேர்த்தோம். அப்போதுதான் ஆலோசகர் வந்து சேர்ந்தார்.

ஆலோசகர் என்பது நாங்கள் வைத்த பெயர். அத்தான் ஒரு சரக்குக் கிடங்கில் வேன் ஓட்டுகிறார். அங்கே அவரோடு வேலை பார்ப்பவர் இந்த மனிதர். பல்வலி, பாஸ்போர்ட், மழை, மாமியார், எதைச் சொன்னாலும் கையில் ஒரு யோசனை தயாராக இருக்கும். அவர் சொல்லிவிட்டார்: வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளைக்கு இந்த ஊர் மொழி வராது, பள்ளியில் பின்தங்கிவிடும், இன்றைக்கே நிறுத்துங்கள். அவர் பிள்ளைகள் இந்த ஊர் மொழியைத் தண்ணீர் மாதிரி பேசுகிறார்களாம். அந்தப் பிள்ளைகள் அவரோடு பேசுகிறார்களா என்று அத்தான் கேட்கவில்லை.

சேர்க்கப் போன அன்றே டீச்சர் கேட்டார், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று. அத்தான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "உங்கள் மொழிதான்" என்றார். வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"இன்னிலேருந்து அப்படித்தானே. கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

அன்று மாலையே சட்டம் வந்தது. பட்டாணி காதில் விழும்படி தமிழ் பேசுகிறவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். முதல் வாரம் முழுக்க நான்தான் கழுவினேன். கால் இடித்தால் "அம்மா" என்பேன், அதற்குக்கூடக் கழுவவேண்டியிருந்தது. அக்கா கணக்கில் கெட்டிக்காரி.

எங்கள் மூன்று பேருக்கும் இந்த ஊர் மொழி எவ்வளவு தெரியும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவரவர் வேலைக்கு வேண்டிய அளவு தெரியும். அத்தானுக்குத்தான் கொஞ்சம் கூடுதல். இடது, வலது, எங்கே இறக்கணும், கையெழுத்துப் போடுங்க, அதற்கு மேல் நாலு வார்த்தை கோர்த்துப் பேசுவார். அக்கா ஒரு பெரிய அலுவலகத்தின் கேன்டீனில் காய் நறுக்குகிறாள். நறுக்கு, கழுவு, போதாது, சூடு. நான் ஹோட்டல் படுக்கைவிரிப்புகளைத் துவைக்கும் சலவைக்கூடத்தில் மத்தியான ஷிப்ட். ஈரம், காய்ந்தது, மடி, ஜாக்கிரதை, அடுத்தது. இந்த ஐந்து வார்த்தையில் என் பொழுது ஓடிவிடும்.

இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

"உப்பு."

"எங்கே?"

"இடது."

"போதாது."

"நன்றி."

அவ்வளவுதான். தட்டில் கரண்டி படும் சத்தம் பெரிதாகக் கேட்கும். பட்டாணி ஒவ்வொருவர் வாயாகப் பார்ப்பாள், ஏதாவது வரும் என்று. ஒன்றும் வராது. நாளாக ஆக அவளும் குறைத்துக்கொண்டாள். கடையில் சரக்கு வராவிட்டால் அலமாரி காலியாவது மாதிரி.

அவளைக் காலையில் பள்ளியில் விடுவது என் வேலை. அக்காவும் அத்தானும் விடியும்போதே கிளம்பிவிடுவார்கள். நானும் பட்டாணியும் கையைப் பிடித்துக்கொண்டு நடப்போம். நான் சட்டத்தை மீறவில்லை. அக்கா என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். பேருந்தைக் காட்டி இந்த ஊர் மொழியில் "பஸ்" என்பேன். அவள் "பஸ்" என்பாள். நாயைக் காட்டி "நாய்" என்பேன். பள்ளம் வந்தால் "ஜாக்கிரதை". சலவைக்கூடத்தில் எனக்குப் பேச ஆள் கிடையாது, வீட்டில் அனுமதி கிடையாது. துணிகளோடு பேசிக்கொள்வேன். அவை பதில் சொல்லாது, சண்டைக்கும் வராது.

ஒரு நாள் டீச்சர் என்னை நிறுத்தி ஏதோ கேட்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. பட்டாணி பள்ளியில் பேசுவதே இல்லை. படப்புத்தகத்தை விரித்தால் மட்டும் ஒவ்வொரு பக்கத்துக்கும் "அடுத்தது" என்கிறாளாம். மழைக்கோட்டைக் கழற்றினால் "ஈரம், மடி" என்கிறாளாம். எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. தெரியாது என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வருஷக் கடைசியில் டீச்சர் அத்தானையும் அக்காவையும் வரவழைத்தார். அங்கே இரண்டு அறை. சின்ன அறையில் இருக்கும் பிள்ளைகள் வருஷம் முடிந்ததும் பெரிய அறைக்குப் போவார்கள். படத்தைப் பார்த்து நாலு வாக்கியம் கோர்த்துக் கதை சொல்லத் தெரிந்தால்தான் அங்கே நடப்பது புரியும். பட்டாணிக்குப் பெயர்கள் தெரிகின்றன, வாக்கியமே இல்லை. அடுத்த வியாழக்கிழமை அவளோடு உட்கார்ந்து பார்க்கிறேன், வெள்ளிக்கிழமை பிள்ளைகளைப் பிரிப்போம், பேச்சு வராவிட்டால் அவள் இன்னொரு வருஷம் சின்ன அறையிலேயே புதுக் குழந்தைகளோடு இருப்பதுதான் நல்லது என்றார். அன்பாகத்தான் சொன்னாராம். அதனால்தான் அக்காவுக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றாள். பட்டாணிக்குக் கூட்டாளி ஒருத்தி உண்டு, இரட்டைச் சடை போட்டவள். பேச்சு இல்லாமலே இரண்டும் ஒரே வாளியில் மண் அள்ளும். அவள் பெரிய அறைக்குப் போய்விடுவாள். இவள் மட்டும் சின்ன அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அக்கா இதைச் சொல்லவில்லை. அவள் கண் அங்கேதான் நின்றது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் கண்ணும் அங்கேதான் நின்றது.

டீச்சர் ஒரு படப்புத்தகம் கொடுத்துவிட்டிருந்தார், வீட்டில் பார்த்துப் பழகட்டும் என்று. எழுத்தே கிடையாது, படம் மட்டும். ஒரு கரடிக்கு ஒற்றைச் செருப்பு காணாமல் போய்விடும். கட்டிலுக்கு அடியிலும் ஆற்றங்கரையிலும் தேடும். ஒரு முயல் வந்து என்னவோ கேட்கும். கடைசிப் பக்கத்தில் ஒற்றைச் செருப்போடு ஒரு கொக்குக்குப் பக்கத்தில் நடந்து போகும்.

அத்தான் தினமும் வேலை முடிந்து வந்ததும் அவளை மடியில் இருத்திக்கொண்டு தொடங்குவார். எல்லாம் இந்த ஊர் மொழியில்தான்.

"இது என்ன?"

"கரடி."

"இது?"

"செருப்பு."

"கரடி என்ன செய்கிறது?"

பட்டாணி அவர் முகத்தைப் பார்ப்பாள்.

"கரடி என்ன செய்கிறது?"

"அடுத்தது."

அத்தான் பக்கத்தைத் திருப்புவார். கழுத்து நரம்பு புடைத்திருக்கும், ஆனால் கோபிக்க மாட்டார். அக்கா சமையல்கட்டில் வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுவாள்.

அதையும் சொல்ல வேண்டும். அக்காவால் தமிழ் இல்லாமல் இருக்க முடியாது. மீனைத் தரையில் போட்ட மாதிரி ஆகிவிடுவாள். அதனால் தினமும் மாலை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டுக்கொண்டு, ஊரில் இருக்கும் எங்கள் பெரியக்காவோடு பேசுவாள். கதவுக்குள்ளே பேசினால் சட்டத்தில் சேராது என்று அவளே ஒரு விலக்கு வைத்துக்கொண்டாள். வெளியே வரும்போது முகம் கழுவினவள் மாதிரி தெளிவாக இருப்பாள். அந்த நேரத்தில் பட்டாணி நடையில், கதவுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பொம்மையின் காலைத் திருகிக்கொண்டிருப்பாள். அம்மாவைத் தேடி உட்கார்ந்திருக்கிறது பிள்ளை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

புதன்கிழமை காலை நான் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன். கிளம்பும் நேரம் ஆகிவிட்டது, பட்டாணியைக் காணோம். படுக்கையறையில் இல்லை, சோபாவுக்குப் பின்னால் இல்லை. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அக்கா பேசிக்கொண்டிருந்தாள்.

அக்காதான் வேலைக்குப் போய்விட்டாளே என்று ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. குரல் சின்னது. பேச்சு மட்டும் அக்காவுடையது.

"அதையேன் கேக்குற போ. கரடி காலையில எழுந்துச்சு. பாத்தா ஒரு செருப்பக் காணோம். நான் நேத்தே சொன்னேன், ஒழுங்கா எடுத்து வையின்னு. சொன்னா எங்க கேக்குறாரு. காதுல பஞ்சுதான் வச்சிருக்கு."

பக்கம் திரும்பும் சத்தம்.

"இப்பப் பாரு, கட்டிலுக்கு அடியில தேடுறாரு. அங்க இருக்குமா? இருக்காது. மனுஷன் ஒரு வேலைய உருப்படியா செஞ்சதா சரித்திரமே இல்ல. அப்புறம் இந்த முயலு வந்துச்சு. அதுக்கு வேற வேலையில்ல. எல்லாத்துக்கும் ஒரு யோசனை வச்சிருக்கும், அந்த ஆலோசகர் மாதிரி. இவரும் தலைய தலைய ஆட்டுவாரு."

நான் முட்டையை மறந்துவிட்டேன். நடையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதில்லை. கரடி ஆற்றுக்குப் போனது, தண்ணீர் ஜில்லென்று இருந்தது, கால் வலித்தது, யாரும் ஒரு வாய் காபி தரவில்லை. எல்லாம் சொன்னாள். மூச்சு வாங்குவதற்காக மட்டும் நிறுத்தினாள்.

"சரி சரி வை, அவரு வந்துட்டாரு. நாளைக்குப் பேசறேன்."

கதவு திறந்தது. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறகு தன் சட்டை நுனியைக் காட்டி இந்த ஊர் மொழியில் "ஈரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தெருவில் போகும்போது எனக்குத் தாங்கவில்லை. குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில் கேட்டேன்.

"கரடிக்குச் செருப்பு கெடச்சுதா, இல்லையா?"

அவள் நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். விரலை என் உதட்டின் மேல் வைத்து, "உஷ்" என்றாள்.

சாயங்காலம் ஷிப்ட்டில் ஒருவரைக் கெஞ்சி மாற்றிக்கொண்டு சீக்கிரம் வந்துவிட்டேன். அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பட்டாணி கூடத்தில் இருந்தாள்.

"அக்கா, இன்னிக்குப் பாத்திரம் நான்தான். முதல்லயே ஒத்துக்கறேன். இப்ப நான் சொல்றதக் கேளு."

"மெதுவாடா, அவ இருக்கா."

"அவளப் பத்திதான். அவ பேசறா."

"யாரு?"

"பட்டாணி. தமிழ்ல. உன்ன மாதிரியே. கதவச் சாத்திக்கிட்டு."

அக்கா கரண்டியோடு என்னைப் பார்த்தாள். "உனக்குத் தூக்கம் போதல. சோபா சரியில்லன்னு நான் உங்கத்தான்கிட்ட அப்பவே சொன்னேன்."

"நீயே கேளு. இன்னிக்குப் போன எடுத்துட்டு உள்ள போகாத. சும்மா இரு."

அக்கா போகவில்லை. அத்தான் வந்தார், புத்தகத்தை எடுத்தார், கரடி, செருப்பு, அடுத்தது, எல்லாம் நடந்தது. பட்டாணி அம்மா உள்ளே போவாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். அம்மா போகவில்லை என்றதும், அந்த வேலையைத் தானே செய்ய வேண்டும் என்பது மாதிரி எழுந்தாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நடையில் மூன்று பேரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். அத்தானுக்கு விஷயம் தெரியாது. அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் வாயில் விரலை வைத்தேன்.

"அதையேன் கேக்குற போ," என்றது கதவு.

அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அத்தான் முதலில் வாயைப் பிளந்தார். கரடி கட்டிலுக்கு அடியில் தேடும் இடம் வந்தபோது மெல்ல அக்கா பக்கம் திரும்பினார்.

"இது யாரு பேச்சு?" கிசுகிசுத்தார்.

"எனக்கென்ன தெரியும்."

"ஒரு வேலையும் உருப்படியா செஞ்சதில்லையாமே."

"கரடியத்தானே சொல்றா."

"கரடிக்கு எதுக்குடி இவ்வளவு மரியாத? கேக்குறாரு, தேடுறாருன்னு."

நான் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஆலோசகர் இடம் வந்தபோது அத்தானாலும் முடியவில்லை, மூக்கால் சிரித்துவிட்டார்.

கதவு திறந்தது. மூன்று பெரியவர்கள் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பட்டாணி பார்த்தாள். முகம் மாறிவிட்டது. திருட்டுத்தனம் பிடிபட்ட முகம். அக்கா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் தங்கம், அம்மாகிட்ட சொல்லு, கரடி என்ன பண்ணுச்சு?"

வாய் திறக்கவில்லை.

"உள்ள அவ்வளவு அழகாப் பேசினியே. இங்க ஏன்மா பேச மாட்டேங்கிற?"

பட்டாணி எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு சமையல்கட்டுப் பக்கம் பார்த்தாள். மெதுவாக எழுந்து போய், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று, கால்விரல் நுனியில் எக்கி விளிம்பைத் தொடப் பார்த்தாள். தொடமுடியவில்லை. உள்ளே தட்டுகள் அடுக்கிக் கிடந்தன. அங்கிருந்தே, காற்றோடு காற்றாக, தமிழில் சொன்னாள்:

"எனக்கு எட்டாது."

யாரும் சிரிக்கவில்லை. பேசினால் பாத்திரம் கழுவ வேண்டும். அவளுக்குத் தொட்டி எட்டவில்லை. அதனால் அவள் பேசவில்லை. பிள்ளை எங்கள் சட்டத்தை எங்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறாள்.

அத்தான்தான் எழுந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அத்தனை தட்டையும் கழுவினார். கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே, தமிழில் பேசினார். "இனிமே யாரு பேசினாலும் அப்பாதான் கழுவுவேன். நீ எவ்வளவு வேணா பேசு. ஒரு அண்டா பாத்திரம் வந்தாலும் பரவாயில்ல." பட்டாணி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நம்பவில்லை. ஒரு வருஷத்துச் சட்டம் ஒரு வேளைப் பாத்திரத்தில் போய்விடுமா?

சாப்பிடும்போது நாங்கள் வாய் வலிக்கப் பேசினோம். அத்தான் கிடங்கில் எலி புகுந்த கதை, கேன்டீன் மேஸ்திரி தும்மினால் கேரட் பறக்கும் கதை. பட்டாணி ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். கேட்டுக்கொண்டாள். பேசவில்லை.

"நாளைக்கு டீச்சர் கேட்டாலும் இப்படித்தான் இருப்பா," என்றாள் அக்கா. "நீங்கதான் சொல்லணும், இவளுக்கு வேற பாஷை இருக்குன்னு."

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வீட்ல அவங்க பாஷைதான்னு நான் நெஞ்ச நிமித்திச் சொல்லியிருக்கேன். இப்பப் போய் பொய் சொல்லிட்டேன்னு நிக்கச் சொல்றியா?"

"நிக்க வேணாம். அங்க நாற்காலி போட்டிருப்பாங்க, உக்காந்து சொல்லுங்க."

அத்தான் சோற்றை முடிக்கவில்லை.

வியாழக்கிழமை எல்லோரும் போனோம். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள், தைரியத்துக்கு. அங்கே எல்லா நாற்காலியும் பிள்ளைகளுக்கானவை. அத்தானின் முழங்கால் அவர் மோவாய்க்கு வந்தது. டீச்சரும் அதே மாதிரி ஒன்றில்தான் உட்கார்ந்திருந்தார், மூட்டைத் தடவிக்கொண்டே. பேச்சு இந்த ஊர் மொழியில் நடந்தது. எனக்குப் புரிந்ததையும் அத்தான் பிறகு விளக்கியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

டீச்சர் புத்தகத்தை விரித்தார். அவசரப்படவில்லை. படத்தைக் காட்டிக் காத்திருந்தார்.

"கரடி," என்றாள் பட்டாணி.

"ஆமாம். கரடி என்ன செய்கிறது?"

அவள் என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "அடுத்தது."

ஒவ்வொரு பக்கமும் அப்படியே போனது. கடைசிப் பக்கம் முடிந்ததும் டீச்சர் அவள் தலையைத் தடவிவிட்டுப் புத்தகத்தை மூடினார். எங்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா என் கையைப் பிடித்தாள். காய் நறுக்கிக் காய்த்த விரல், எலும்பு நொறுங்கிவிடும் போலப் பிடித்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் அத்தான். காலரைச் சரிசெய்யவில்லை. "அன்றைக்கு நான் சொன்னது பொய். வீட்டில் எங்களுக்கு வேறு மொழி இருக்கிறது. அவள் அதில் பேசுவாள். நன்றாகப் பேசுவாள். ஆனால் கதவு வேண்டும்."

"என்ன வேண்டும்?"

"கதவு." கையால் சாத்திக் காட்டினார்.

டீச்சர் எழுந்து மூலையில் இருந்த குட்டிச் சாமான் அறையைத் திறந்தார். பிள்ளைகள் மத்தியானம் தூங்கும் மெத்தைகளை அடுக்கி வைக்கும் இடம். விளக்கைப் போட்டார். அக்கா குனிந்து பட்டாணியிடம் புத்தகத்தைக் கொடுத்து, "உள்ள போய்ப் பேசிட்டு வாம்மா. இங்க பாத்திரம் எதுவும் கெடையாது" என்றாள். பட்டாணி சுற்றிலும் பார்த்தாள். உண்மைதான், ஒரு தட்டுகூட இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெத்தை அமுங்கும் ஒலி மட்டும் கேட்டது. அக்காவின் உதடு எதையோ முணுமுணுத்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "அதையேன் கேக்குற போ."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சர் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அத்தானிடம் கை காட்டினார், சொல்லுங்கள் என்று. அத்தான் மொழிபெயர்க்கத் தொடங்கினார். கரடி காலையில் எழுந்தது. ஒரு செருப்பைக் காணவில்லை. நேற்றே சொன்னேன், கேட்கவில்லை.

பிறகு நிறுத்திவிட்டார். உள்ளே கட்டிலுக்கு அடியில் தேடும் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்போது என்ன சொன்னாள்?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். அவர் என்ன சொன்னாலும் டீச்சருக்குத் தெரியப் போவதில்லை. பக்கத்துக்கு ஒரு வரி அழகாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"அந்த மனிதர் ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்ததாக வரலாறே இல்லை என்கிறாள்," என்றார் அத்தான். அதற்கு வார்த்தை தேட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "முழு வாக்கியம். ஒரே மூச்சில். அது கரடி இல்லை. நான்தான்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. மேலே சொல்லுங்கள் என்று கையை ஆட்டினார். அத்தான் ஒன்றையும் விடவில்லை. பஞ்சு வைத்த காது, தலையாட்டல், முயலின் யோசனை எல்லாவற்றையும் வேன் ஓட்டிக் கற்ற மொழியில் வியர்க்க வியர்க்கச் சொன்னார். நான் அவரை அதற்கு முன்பு அவ்வளவு மதித்ததில்லை.

கடைசிப் பக்கம் வந்தது. கொக்கு.

"இது மாமா," என்றாள் பட்டாணி உள்ளே. "மாமா பேசவே மாட்டாரு. ஆனா நமக்காக மெதுவா நடப்பாரு. அதனால கரடிக்கு ஒத்தச் செருப்பு போதும்."

இது அக்காவின் போன் பேச்சில் வந்திருக்க முடியாது. அக்காவுக்கு அது தெரியவே தெரியாது. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அதையும் மொழிபெயர்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைகள் வரைந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீடு, அதைவிடப் பெரிய பூ ஒன்று.

டீச்சர் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டார். பதில் வரவில்லை, கதவு ஒரு விரல் அளவு திறந்தது. அவர் உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது. ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது முடியில் மெத்தைப் பஞ்சு ஒட்டியிருந்தது, பட்டாணி அவர் விரலைப் பிடித்திருந்தாள்.

இவளுக்குப் பேச்சு இருக்கிறது, கதை இருக்கிறது, இந்த ஊர் மொழி அதன் மேல் வந்து ஏறும், என்றார் டீச்சர். தலைமை ஆசிரியையோடு பேசவேண்டும், நாளைக் காலை வழக்கம் போல் கூட்டி வாருங்கள். வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள், உங்களிடம் இருப்பதெல்லாம் பேசுங்கள்.

"சண்டையுமா?" என்று அக்கா அத்தானைக் கேட்கச் சொன்னாள்.

சண்டையும்தான், என்றார் டீச்சர்.

திரும்பி வரும் வழியில் ஒரு சின்னக் கடையில் டீ குடித்தோம். அக்கா அத்தானுக்குத் தன் பிஸ்கட்டையும் கொடுத்தாள். "நான் பெரியக்காகிட்ட சும்மா சொல்றதுங்க," என்றாள். "தெரியும்," என்றார் அத்தான். "அந்தச் செருப்பு விஷயம் மட்டும் உண்மையில்ல. நான் ஒழுங்காதான் எடுத்து வைப்பேன்." பட்டாணி இருவர் வாயையும் பார்த்துக்கொண்டு, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மழை பெய்தது. நானும் பட்டாணியும் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் வாசலில் வந்து அவள் பையை வாங்கிக்கொண்டார். அவளைப் பெரிய அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.